கடைந்தபோது எழுந்த நஞ்சு

பாற்கடலைக் கடைந்த கதையை நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி நாளிலேயே கேட்டுவிடுகின்றனர். தேவரும் அசுரரும் வேண்டியது அமுதம். அதற்காகவே மந்தர மலையை மத்தாக நாட்டினர். வாசுகி என்னும் பாம்பைக் கயிறாகப் பூட்டினர். இரு புறமும் நின்று இழுத்தனர். ஆயின், அமுதம் வருமுன் ஆலகாலம் எழுந்தது. அந்த நஞ்சை எவரும் கடலுக்குள் கொண்டுபோய் இட்டதில்லை. எவரும் அதை விரும்பியதுமில்லை. கடைதல் அளவு கடந்தபோது அது தானே பிறந்தது.

தொழிற்சாலை விபத்துகளின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தப் பழங்கதை நினைவுக்கு வராமல் போகாது. ஓர் ஆலையின் வாயிலில் நின்று, “உள்ளே என்ன நச்சுப் பொருள் இருக்கிறது?” என்று கேட்டால், கிடங்குப் பட்டியலைப் பார்த்து விடை கூறிவிடலாம். “இங்கே விபத்து நேர்ந்தால் என்ன நச்சுப் பொருள் உண்டாகும்?” என்னும் கேள்விக்கோ பட்டியலில் விடை இராது. பட்டியலில் இல்லாத பொருளே சில வேளைகளில் பட்டியலில் உள்ள அனைத்தையும்விடக் கொடியதாகி விடுகிறது. இந்த உண்மையை உலகம் ஒரு சிற்றூரின் துன்பத்திலிருந்து கற்றுக்கொண்டது. அவ்வூரின் பெயர் செவெசோ.

சனிக்கிழமை நண்பகல்

இத்தாலியின் வடபகுதியில், மிலான் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், மரத்தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பிரியான்சா வட்டாரம் இருக்கிறது. அங்கே மெடா, செவெசோ, செசானோ மடெர்னோ, டெசியோ ஆகிய ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. மெடாவின் எல்லையில் இக்மெசா என்னும் இரசாயன ஆலை இயங்கி வந்தது. அது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜிவோடான் நிறுவனத்திற்கு உரியது. ஜிவோடான், ஹாஃப்மன் லா ரோஷ் என்னும் பெரிய மருந்து நிறுவனத்தின் துணை நிறுவனமாக இருந்தது. சுற்றுவட்டார மக்கள் அந்த ஆலையை வாசனைப் பொருள் ஆலை என்றே அறிந்திருந்தனர். அவ்வப்போது அங்கிருந்து வரும் நெடிக்கும் பழகிப் போயிருந்தனர்.

1976ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், சனிக்கிழமை. வார இறுதி ஓய்வுக்காக ஆலை நிறுத்தப்பட்டிருந்தது. நண்பகல் 12.37 மணியளவில், ஆலையின் கூரைக்கு மேலிருந்த குழாய் ஒன்றிலிருந்து பெரும் சீற்றத்துடன் ஒரு முகில் எழுந்தது. காற்று தென்கிழக்கு நோக்கி வீசிக்கொண்டிருந்தது. முகில் செவெசோவின் வீடுகள் மீதும் தோட்டங்கள் மீதும் பரவி, மெல்லப் படிந்தது. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. தீப்பற்றவில்லை, கட்டடம் இடியவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. வீட்டுத் தோட்டத்துக் காய்கறிகளின்மேல் எது படிந்தது என்பதை அன்று அங்கிருந்தோர் எவரும் அறியார்.

நஞ்சு பிறந்த விதம்

அந்த ஆலையின் உலையில் அன்று உருவாகிக்கொண்டிருந்தது டிரைகுளோரோபீனால் என்னும் பொருள். நோய்க்கிருமிகளைக் கொல்லும் சோப்புகளில் சேர்க்கப்பட்ட ஹெக்சாகுளோரோபீன் என்னும் மருந்துப் பொருளுக்கு இதுவே மூலப்பொருள். தூய்மைக்கும் உடல்நலத்திற்கும் உதவும் ஒன்றை ஆக்குவதே நோக்கம். அமுதம் தேடிய கதைதான்.

டெட்ராகுளோரோபென்சீன் என்னும் பொருளுடன் காஸ்டிக் சோடாவைச் சேர்த்து, எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் சூடேற்றினால் டிரைகுளோரோபீனாலின் உப்பு கிடைக்கும். வினை முடிந்ததும் கிளைக்காலைக் காய்ச்சி வடித்து நீக்கி, நீர் ஊற்றிக் கலவையைக் குளிர்விக்க வேண்டும். அன்று அதிகாலையில் இவ்வேலை பாதியில் நின்றது. கிளைக்காலில் ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு வெளியேற்றப்பட வேண்டிய இடத்தில், பதினைந்து விழுக்காடே வெளியேறியிருந்தது. வேலை முறை முடிந்தது; சூடேற்றும் நீராவி நிறுத்தப்பட்டது; சற்று நேரத்தில் கலக்கும் கருவியும் நிறுத்தப்பட்டது. நீர் ஊற்றப்படவில்லை. உலையிலிருந்த கலவையின் வெப்பநிலை 158 டிகிரி செல்சியஸ். இக்கலவை 230 டிகிரிக்கு மேல்தான் கட்டுக்கடங்காமல் வினைபுரியும் என்பதே அந்நாளைய அறிவு. இரண்டிற்கும் இடையே எழுபது டிகிரிக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை நம்பி ஆலையை விட்டுச் சென்றனர்.

ஆயின், ஆலையின் பிற பகுதிகள் நின்றிருந்ததனால் உலைக்கு வந்த நீராவி வழக்கத்தைவிட மிகுந்த சூடுடையதாய், ஏறத்தாழ 300 டிகிரியை எட்டியிருந்தது. அந்தச் சூடு உலையின் சுவரில் தங்கிவிட்டது. கலக்குவார் இல்லாத கலவையின் மேற்பரப்பு, சுவரின் சூட்டை மெல்ல வாங்கிக்கொண்டது. விபத்திற்குப் பின்னர்ச் செய்த ஆய்வுகளே, 180 டிகிரி அளவிலேயே மெதுவான வெப்ப வினையொன்று தொடங்கிவிடும் என்று காட்டின. வெப்பம் வினையை விரைவுபடுத்தும். வினை மேலும் வெப்பத்தை ஈனும். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்று பள்ளி வேதியியலில் மாணவர் படிக்கும் பொது விதி இங்கே ஓர் ஊரின் விதியாயிற்று. ஆறு மணி நேரத்திற்கும் மேலாக எவரும் அறியாமல் சூடு ஏறிற்று. இறுதியில், அழுத்தம் மிகுந்தால் கிழிந்து வழிவிடுமாறு பொருத்தப்பட்டிருந்த பாதுகாப்புத் தகடு கிழிந்தது. உலையைக் காக்க வைத்த தகடு தன் கடமையைச் செய்தது. ஆனால் வெளியேறியதைப் பிடித்து வைக்க அதற்கு அப்பால் ஒரு கலன் இல்லை. திறந்த வானமே இருந்தது.

அவ்வெப்பத்தில் டிரைகுளோரோபீனால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்தன. குளோரின் அணுக்கள் சில விலக, ஆக்சிசன் அணுக்கள் இரண்டு பாலங்களாக அமைய, டையாக்சின் பிறந்தது. அக்குடும்பத்துள் மிகக் கொடியதான டி.சி.டி.டி. என்னும் வகை அது. முறையாக நடக்கும் வினையில் இது மிக நுண்ணிய அளவே உண்டாகும். வெப்பம் கட்டுமீறினாலோ பன்மடங்கு பெருகும். அன்று வெளியேறிய பல டன் பொருள்களுள் டையாக்சின் எவ்வளவு என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. நூறு கிராம் என்பாரும் உளர். முப்பது கிலோகிராம் வரை கூறுவாரும் உளர். அந்த ஆலை அதை வாங்கவில்லை, விற்கவில்லை, சேமித்து வைக்கவுமில்லை. அதன் கிடங்குப் பதிவேட்டில் டையாக்சின் என்று ஒரு வரியும் இருக்க வழியில்லை.

முன்பே ஒலித்த மணிகள்

எவரும் எதிர்பாராத நிகழ்ச்சி இது என்று கூறி அமைந்துவிடலாமா? வரலாறு அவ்வாறு கூற இடந்தரவில்லை. 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நைட்ரோ என்னும் ஊரில், இதே பொருளை ஆக்கிய உலை கட்டுமீறியது. தொழிலாளர் பலருக்கு முகத்திலும் உடலிலும் கடுமையான பருக்கள் தோன்றின; குளோராக்னே எனப்படும் தோல் நோய் அது. 1953இல் ஜெர்மனியின் லூட்விக்ஸ்ஹாஃபன் நகரிலும், 1963இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலும், 1968இல் இங்கிலாந்தின் போல்சோவரிலும் டிரைகுளோரோபீனால் ஆலைகளில் விபத்துகள் நேர்ந்தன. எங்கும் அதே நோய் தொடர்ந்தது.

இந்நோய்க்குக் காரணம் டிரைகுளோரோபீனால் அன்று, அதனூடே பிறக்கும் டையாக்சினே என்பதை 1957ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹைன்ஸ் ஷூல்ஸ் என்னும் தோல் மருத்துவ அறிஞர் கண்டறிந்து கூறிவிட்டார். ஆகவே, செவெசோவிற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அறிவு இருந்தது. அது மருத்துவ இதழ் ஒன்றிலும், வெவ்வேறு நிறுவனங்களின் கோப்புகளிலும், நோயுற்ற தொழிலாளரின் தோலிலும் சிதறிக் கிடந்தது. அவற்றையெல்லாம் ஒரு மேசைமேல் வைத்து, “நம் உலையில் இது நேருமா?” என்று கேட்க வேண்டிய கடமையை எந்தச் சட்டமும் எவர்மீதும் சுமத்தவில்லை. எழுதப்பட்டும் ஒருங்கே படிக்கப்படாத வரலாறு எவரையும் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பத்து நாள் மௌனம்

விபத்தின் மறுநாள் ஆலையின் பொறுப்பாளர்கள் ஊர் அதிகாரிகளைக் கண்டு, களைக்கொல்லிக்குப் பயன்படும் பொருள் கசிந்ததாகக் கூறினர். தோட்டத்துக் காய்கறிகளை உண்ண வேண்டாமென்றனர். டையாக்சின் என்னும் சொல் அப்போது எவர் வாயிலிருந்தும் வரவில்லை. அடுத்த வாரத்திலும் தொழிலாளர் வேலைக்கு வந்துகொண்டிருந்தனர். முதலில் செடிகளின் இலைகள் கருகின. பின்னர்ப் பறவைகள் விழுந்தன. கோழிகளும் வீட்டில் வளர்த்த முயல்களும் செத்தன. சில நாட்களில் குழந்தைகளின் முகத்திலும் கைகளிலும் புண்கள் தோன்றின. வெளியே விளையாடியவர்கள் அவர்கள்தாம்.

ஆலையிலிருந்து எடுத்த மாதிரிகள் சுவிட்சர்லாந்திலிருந்த நிறுவன ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டன. அங்கே டையாக்சின் இருப்பது புலனாயிற்று. அச்செய்தி இத்தாலிய அதிகாரிகளை முறையாக வந்தடைந்தபோது விபத்து நிகழ்ந்து ஏறத்தாழ பத்து நாட்கள் கடந்துவிட்டன. மிகவும் மாசுற்ற பகுதியின் குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்படத் தொடங்கியது ஜூலை 26ஆம் நாள். முகில் படிந்து பதினாறு நாட்கள் சென்றபின். அதுவரை அவர்கள் அம்மண்ணிலேயே நடந்தனர், அவ்வீட்டிலேயே உறங்கினர்.

இந்தப் பதினாறு நாட்களின் கதையில் கொடுமை ஒன்று உண்டு. பிறந்த நஞ்சின் பெயரை உடனே ஊகித்துக் கூறியிருக்கக்கூடியவர்கள் அப்பொருளை ஆக்கியவர்களே. கேட்க வேண்டியவர்களுக்கோ எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. மண்ணில் டையாக்சினைத் தேட வேண்டும் என்று அறியாத ஆய்வாளர் அதைத் தேடப் போவதில்லை. தேடாத பொருள் அகப்படப் போவதுமில்லை. ஆகவே, விபத்தில் என்ன உண்டாகக்கூடும் என்பதை விபத்திற்கு முன்பே எழுதி, ஊராரிடமும் மருத்துவரிடமும் ஒப்படைத்திருக்க வேண்டும். நஞ்சு மண்ணில் விழுந்தபின் அதன் பெயரைத் தேடத் தொடங்கினால், அத்தனை நாட்களும் குழந்தைகளின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன.

மூன்று வட்டங்கள்

அபாயத்தை அளந்தறியும் பணி இதன் பின்னரே முழுமையாகத் தொடங்கிற்று. காற்று வீசிய திசை, விலங்குகள் செத்த இடங்கள், மண்ணில் கண்ட டையாக்சினின் அளவு ஆகியவற்றைக் கொண்டு வரைபடம் ஆக்கினர். ஒரு சதுர மீட்டர் மண்ணில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் காணப்பட்ட பகுதி ‘ஏ’ வட்டம். 5 முதல் 50 வரை ‘பி’ வட்டம். அதற்கும் குறைந்தது ‘ஆர்’ வட்டம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மூன்று வட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டர். ‘ஏ’ வட்டத்திலிருந்து எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 3,300 விலங்குகள் நஞ்சினால் மாண்டன. நஞ்சு உணவில் ஏறிவிடாதிருக்க எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. ஏறத்தாழ இருநூறு பேருக்குக் குளோராக்னே கண்டது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

ஆயின், வரைபடம் போட்டவுடன் அபாயம் விளங்கிவிடவில்லை. இவ்வளவு டையாக்சின் மனிதரை என்ன செய்யும்? கினிப்பன்றியைக் கொல்ல, அதன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் போதும். ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்திற்கோ அதைப் போல் ஆயிரம் மடங்கு வேண்டும். மனிதன் இவ்விரண்டினுள் எதற்கு அண்மையில் நிற்கிறான் என்பதை 1976இல் உறுதியாகக் கூற வல்லார் எவருமிலர்.

இந்த அறியாமையின் முழுச் சுமையையும் தாங்கியவர்கள் அவ்வட்டாரத்தின் கருவுற்ற தாய்மார்கள். கருக்கலைப்பை இத்தாலியச் சட்டம் பெரிதும் தடுத்திருந்த காலம் அது. உடல்நலம் கருதி இவர்களுக்கு அதற்கு வழி திறக்கப்பட்டது. நாடெங்கும் வாதம் எழுந்தது. சமயத் தலைவர்களும் பெண்கள் இயக்கத்தினரும் அரசியலாளரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். அவ்வாதங்களுக்கு நடுவே, தன் வயிற்றில் வளரும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்ட தாய்க்கு அறிவியலால் விடை கூற இயலவில்லை. சிலர் கருவைக் கலைத்தனர். பலர் அஞ்சி அஞ்சிச் சுமந்து பெற்றனர். கலைக்கப்பட்ட கருக்களை ஆராய்ந்தபோது, டையாக்சினால் விளைந்தது என்று உறுதியாகச் சுட்டத்தக்க உறுப்புக் குறை தென்படவில்லை. எத்துணைத் துயரமான செய்தி இது! அபாயத்தை அளந்தறிதல் என்பது வெறும் எண்களின் வேலை என்று எண்ணுவோர் அத்தாய்மாரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அளவு தெரியாத இடத்தில் மனிதர் தம் அச்சத்தைக் கொண்டே முடிவெடுக்க நேர்கிறது.

எனினும், அங்கே ஒரு நற்செயலும் நிகழ்ந்தது. மனித இரத்தத்தில் டையாக்சினை அளக்கும் முறை அக்காலத்தில் கைவரப் பெறவில்லை. ஆயினும், டெசியோ மருத்துவமனையைச் சேர்ந்த பாவொலோ மொக்காரெல்லி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் மக்களிடமிருந்து பெற்ற இரத்த மாதிரிகளை ஆயிரக்கணக்கில் உறைநிலையில் காத்து வைத்தனர். ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புதிய முறையால் அவை அளக்கப்பட்டன. மனிதரிடத்தில் அதுவரை காணாத அளவுகள் சில குழந்தைகளின் குருதியில் இருந்தமை தெரியவந்தது. டையாக்சின் மனித உடலில் பாதியாகக் குறையவே ஏழு எட்டு ஆண்டுகள் செல்லும் என்பதும் புலனாயிற்று. இன்று விடையில்லாத கேள்விக்கு நாளை விடை வரும் என்று நம்பி, சான்றைக் காத்து வைத்தவர்களின் பணி அது. 1997ஆம் ஆண்டில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டி.சி.டி.டி.யை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. செவெசோ மக்களிடையே நடந்த நெடிய ஆய்வுகளும் அம்முடிவிற்குத் துணை நின்றன.

மீண்டும் மீண்டும் அதே வினா

செவெசோவோடு இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பிங்காம்டன் நகரின் 18 மாடி அரசு அலுவலகக் கட்டடத்தில் மின்மாற்றி ஒன்றில் தீ மூண்டது. தீ விரைவில் அடங்கியது. ஆயின், மின்மாற்றியிலிருந்த பி.சி.பி. கலந்த எண்ணெய் வெந்து, பியூரான், டையாக்சின் ஆகிய நச்சுகள் கரியோடு கலந்து, காற்றுக் குழாய்கள் வழியே கட்டடம் முழுதும் படிந்தன. அக்கட்டடம் மீண்டும் திறக்கப்படப் பதிமூன்று ஆண்டுகள் சென்றன. எரிவதற்கு முன் இருந்த எண்ணெயை அறிந்திருந்தனர். எரிந்தபின் அது என்னவாகும் என்று முன்னரே எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2, 3ஆம் நாட்களின் இடையிரவில் இந்தியாவின் போபால் நகரில் நிகழ்ந்ததை நம்முள் அறியாதார் இலர். ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது, வெப்பம் மிகுந்தது, நச்சு வளி உறங்கிய நகரின்மேல் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கேயும், வெளியேறியது அப்பொருள் மட்டுமா, வினையில் உண்டான பிறவும் உண்டா, அவற்றுள் சயனைடு இருந்ததா என்னும் வினா எழுந்தது. சயனைடுக்கு மாற்றான சோடியம் தயோசல்பேட்டைக் கொடுப்பதா கூடாதா என்பதில் மருத்துவர்களும் அதிகாரிகளும் மாறுபட்டனர். உயிருக்குப் போராடுவோரின் படுக்கையருகே வேதியியல் வினா தீராமல் நின்றது. செவெசோவில் மண்ணில் தேடப்பட்ட விடை, போபாலில் நோயாளியின் மூச்சில் தேடப்பட்டது. இரண்டிடத்திலும் தேடல் தொடங்கியது பிந்தியே.

சட்டம் கற்ற பாடம்

1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், தொழிற்சாலைப் பெருவிபத்துகள் குறித்து ஒரு நெறிமுறைச் சட்டத்தை இயற்றியது. செவெசோ ஆணை என்றே உலகம் அதை வழங்குகிறது. பெரும் அபாயம் விளைவிக்கக்கூடிய ஆலைகள் தம் அபாயங்களைத் தாமே ஆராய்ந்து அரசுக்கு அறிவிக்க வேண்டும். அவசரகாலத் திட்டம் வகுக்க வேண்டும். அண்டை வாழ் மக்களுக்கு முன்கூட்டியே செய்தி கூற வேண்டும் என்று அது விதித்தது. பல பொருள்கள் டன் கணக்கில் குறிக்கப்பட்ட பட்டியலில் டி.சி.டி.டி.க்கு ஒரு கிலோகிராமே எல்லை.

இச்சட்டம் 1996இலும் 2012இலும் திருத்தி எழுதப்பட்டது. அத்திருத்தங்களில் நம் பொருளுக்கு உயிரான ஒரு கருத்து தெளிவாக இடம்பெற்றது. ஓர் ஆலையில் அபாயப் பொருள் இருப்பதாகக் கொள்ள, அது அங்கே வைக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. வினை கட்டுமீறினால் உண்டாகக்கூடியதென எதிர்பார்க்கத்தக்க பொருளும் இருப்பதாகவே கணக்கில் கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டின் சட்டம் ஆக்கும் வினைகளோடு சேமிப்புக் கிடங்குகளையும் இதில் சேர்த்தது. இல்லாத பொருளை இருப்பதாக எண்ணிக் காவல் செய்க என்று கூறும் சட்டம் இது. செவெசோவின் குழந்தைகள் தம் புண்பட்ட முகங்களால் எழுதிய சட்டம் என்று இதைக் கூறினும் மிகையாகாது.

இச்சட்டத்தின் அலை நம் கரைக்கும் வந்தது. ஐரோப்பிய நெறியைப் பின்பற்றிப் பிரிட்டன் 1984இல் தொழிற்சாலைப் பெருவிபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தது. அதே பெயருடைய விதிகளை மலேசியா 1996இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் பெரும் அபாய நிலையங்களுக்கான விதிகள் 2017இல் வந்தன.

மாணவர்க்கு நான்கு வினாக்கள்

தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் எவரோ இரசாயனக் கழிவைக் கொட்டினர். முதலில் மயங்கியவர்களுள் பள்ளி மாணவர் பலர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது செவெசோவைப் போன்ற உலை விபத்து அன்று. எனினும், நீரில் எது கலந்தது, அதிலிருந்து காற்றில் எது எழுந்தது என்னும் அதே வினாவை ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்டுத் தவித்தனர்.

ஆதலின், நம் மாணவர்கள் நான்கு வினாக்களைக் கேட்கப் பழக வேண்டும். இங்கே என்ன இருக்கிறது? சூடு மிகுந்தால், நீர் புகுந்தால், தீப்பற்றினால் அது என்னவாக மாறும்? மாறியது காற்றிலும் நீரிலும் மண்ணிலும் உணவிலும் எவ்வழியே யாரிடம் சென்று சேரும்? எவ்வளவு சேர்ந்தால் யாருக்கு என்ன தீங்கு? முதல் வினாவோடு நின்றுவிட்டதே செவெசோவின் பிழை. மற்ற மூன்றையும் கேட்க வேதியியல் பட்டம் வேண்டுவதில்லை. கேட்டே தீர்வது என்னும் உறுதி வேண்டும். கேட்ட வினாவிற்கு மறைக்காமல் விடை கூறும் நேர்மை ஆலையை நடத்துவோரிடம் வேண்டும்.

செவெசோவின் ‘ஏ’ வட்டத்தில் மிகவும் மாசுற்ற வீடுகள் இடிக்கப்பட்டன. மேல்மண் வாரப்பட்டு, இரண்டு பெருங்குழிகளில் இட்டு மூடப்பட்டது. அந்நிலத்தின்மேல் மரங்கள் நடப்பட்டன. இன்று அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. ஓக் மரக்காடு என்பது அதன் பெயர். பள்ளிப் பிள்ளைகள் அங்கே சென்று நிழலில் உலவுகின்றனர். அவர்கள் காலடியில், எவரும் வேண்டாமல் பிறந்த நஞ்சு புதைந்து கிடக்கிறது.

பாற்கடலில் எழுந்த நஞ்சைத் தன் கண்டத்தில் நிறுத்திக்கொள்ள ஒரு நீலகண்டன் இருந்தான். தொழிற்சாலையில் எழும் நஞ்சை ஏற்பதற்கு அப்படி ஒருவரும் இலர். அண்டை வீட்டுக் குழந்தைகளே இருக்கின்றனர். ஆகவே, மத்தைக் கையில் எடுக்குமுன் கடலிலிருந்து எது எழும் என்று கேட்போமாக.